விந்தை மைக்கூடுகள்

மை என்னுஞ் சொல் தமிழிலே கண்ணுக்கு இடுவதற்கும் ஏட்டுக்கு இடுவதற்கும் பொதுவாக வழங்குகின்றது. ஆயினும், கண்ணுக்கு இடும் மைக்குச் சிமிழ் வேண்டியிருந்தது போல, ஏட்டெழுத்துக் காலத்திலே எழுதுவோன் பக்கத்தில் எந்நேரமும் ஒரு மைக்கலம் இருக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. பனையோலையில் எழுத்தாணி கொண்டு கீறும்பொழுது மை வேண்டியதில்லை. எழுதி முடிந்த பின்னரே கரியை இலைச்சாற்றிற் குழைத்து ஏட்டின்மேற் பூசித் துடைப்பர். கீறிய பள்ளங்களில் மாத்திரம் கருமை தங்கும். மையாடல் எனப்பட்ட அவ்வினை ஏட்டுக்கு ஒருமுறை நிகழ்வது. எங்கே தோலும் தாளும் எழுதுபொருளாகி, நாணலும் இறகும் உருக்கு முனையும் எழுதுகோலாயினவோ, அங்கே நிலைமை வேறு. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை கோலை மையிலே தோய்க்க வேண்டும். ஆதலின் மைக்கூடு எழுதுவோன் கைக்கும் கண்ணுக்கும் ஓயாது எதிர்ப்படும் பொருளாயிற்று.

நாள்தோறும் கண்முன்னே இருக்கும் பொருளை மனிதன் வெறும் பாத்திரமாக விட்டுவைப்பதில்லை. மேனாட்டார் மேசைமீது மைக்கூடு ஆந்தையாயிற்று, நண்டாயிற்று, நத்தையாயிற்று, நெப்போலியனுடைய தொப்பியாயிற்று, மரக்குடிலாயிற்று, மண்டையோடாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பெருகிய இவ்விந்தை வடிவங்களை இன்று விரும்பிச் சேகரிப்போர் பல நாடுகளில் உளர். உருவத்தைக் கண்டு வியப்பது எவர்க்கும் எளிது. அதன் மூடியைத் திறந்து வாயையும் வயிற்றையும் நோக்குபவரே மைக்கூட்டை உள்ளபடி அறிபவராவர். ஏனெனில், வெளிவடிவத்தைத் தீர்மானித்தது உரியவனின் விருப்பம். உள்வடிவத்தைத் தீர்மானித்தது மையின் இயல்பு. இவ்விரண்டும் எவ்வாறு இணங்கின என்பதிலேதான் இக்கலையின் சுவை முழுதும் அடங்கியுள்ளது.

மையின் இயல்பை முதலில் நோக்குதல் வேண்டும். ஐரோப்பாவில் இடைக்காலம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை பெருவழக்காயிருந்த எழுதும் மை மூன்று சரக்குகளாலானது. ஒன்று மாசிக்காய். பெயர் காய் எனினும் இது காயன்று. ஓக்கு மரத்தின் இளங்கொம்பில் ஒருவகைச் சிறுகுளவி முட்டையிட, அவ்விடம் பருத்துத் திரண்டு கெட்டியாவதே மாசிக்காய். நாட்டு மருந்துச் சரக்காக இன்றும் விற்கப்படும் பொருள் இதுவே. மற்றையது இரும்பின் உப்பாகிய அன்னபேதி. மூன்றாவது வேலம் பிசின். மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியும் நீரிற் கலந்தவுடன் தோன்றும் நிறம் வெளிறியது. தாளிற் படிந்து காற்றுப் பட்ட பின்னரே அது கன்னங்கரேலென்று மாறி, நாரினுள்ளே பற்றிக்கொள்ளும். பிசின் அதனைக் கோலிலிருந்து ஒழுங்காக இறங்கச் செய்யும். கழுவினும் போகாத உறுதியுடைமையால் அரச ஆவணங்களும் உறுதிகளும் இம்மையாலேயே எழுதப்பட்டன.

இத்துணைச் சிறப்புடைய மை, கலத்திலிருக்கும்பொழுது பெருந்தொல்லை தருவது. காற்றுப் பட்டால் தாளிற் கறுப்பது போலவே கலத்துள்ளும் கறுத்து, அடியிலே வண்டலாகப் படியும். நீர் ஆவியாகிப் போனால் தடித்துவிடும். தூசி விழுந்தால் கோலின் முனையை அடைக்கும். கவிழ்ந்தால் மேசைவிரிப்பும் உடையும் கெடும். இவையனைத்தினும் கொடியது அதன் அமிலத்தன்மை. இரும்பு, வெள்ளி, பித்தளை எதுவாயினும் நாளடைவில் அரிக்கப்படும். எனவே நல்ல மைக்கூடொன்று சிறிய வாயும், பொருந்திய மூடியும், அகன்ற அடியும், அரிப்புக்கு இடங்கொடாத உட்கலமும் உடையதாதல் வேண்டும். வெளியே வெண்கலச் சிங்கமாயினும் மரக்கரடியாயினும் உள்ளே கண்ணாடியாலோ பீங்கானாலோ ஆன ஒரு சிறுகிண்ணம் இருப்பதன் காரணம் இதுவே. சிங்கம் வேடம், கிண்ணமே மைக்கூடு.

இவ்வுண்மையை உரோமர் அறிந்திருந்தனர். உரோமப் பேரரசில் வழங்கிய செந்நிற மெருகு மட்கலங்களுள் மைக்கூடுகளும் உள. அவற்றின் மேற்பாகம் உட்புறமாகக் குழிந்து, நடுவிலே ஒரு துளையுடையது. கலம் சாய்ந்தாலும் மை உள்விளிம்பிலே தங்கி வெளிவராது. இசுலாமிய உலகின் எழுத்தர் வேறொரு வழி கண்டனர். பட்டு நூலையோ பஞ்சையோ கலத்தினுள்ளே அடைத்து மையை அதிலே ஊறச் செய்தனர். நாணற்கோலின் முனையும் கெடாது, மையும் சிந்தாது. பன்னிரண்டு பதின்மூன்றாம் நூற்றாண்டுகளிலே குராசான் நாட்டில் வெள்ளியும் செம்பும் பதித்துச் செய்யப்பட்ட, கவிகை மூடியுடைய வெண்கல மைக்கூடுகள் உலக நூதனசாலைகள் பலவற்றை இன்று அணிசெய்கின்றன. மொகலாயப் பேரரசன் சகாங்கீருக்கென 1618-19 இல் பச்சைக்கல்லிற் குடைந்த மைக்கூடொன்று நியூயோர்க்கு மெற்றொபொலிற்றன் நூதனசாலையில் உள்ளது. உள்ளங்கையில் அடங்கும் சிறு பொருள். ஆயினும் அரசனுடைய பெயர் தாங்கி நிற்பது.

விந்தை வடிவம் என்று துணிந்து சொல்லத்தக்கவை இத்தாலியிலே பாதுவா நகரிற் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியை அடுத்துத் தோன்றின. அந்திரேயா றிச்சியோ முதலாய சிற்பிகளின் காலத்தில் அந்நகர் சிறு வெண்கல உருவங்களுக்குப் பேர்பெற்றது. பாதி மனிதனும் பாதி ஆடுமாகிய வனதேவன் மைச்சிப்பியைத் தாங்கி முழங்காலில் நிற்பான். கடற்பூதம் வாய் பிளந்து மை ஏந்தும். இவற்றினும் வியப்பானவை தேரைகளும் நண்டுகளும். இறந்த பிராணியையே அச்சாகக் கொண்டு வார்ப்பெடுத்தமையால் தோலின் சொரசொரப்பும் ஓட்டின் முள்ளும் அப்படியே பதிந்துள்ளன. பழைய இலத்தீன் நூல்களிலே ஆழ்ந்திருந்த பேரறிஞர் தம் மேசைமீது ஒரு வெண்கலத் தேரையை வைத்து மகிழ்ந்தனர் என்பதை எண்ணுமிடத்துப் புலமைக்கும் விளையாட்டுக்கும் பகையில்லை என்பது புலனாகும்.

இவ்வாறு சிலரிடம் மாத்திரமிருந்த இன்பம் பலர்க்கும் உரியதானது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே. அதற்கு முன் மைக்கூடு பெரும்பாலும் அலுவலகப் பொருளாகவே இருந்தது. 1752 இல் பிலிப்பு சிங் என்னும் பொற்கொல்லர் பென்சில்வேனியாச் சட்டசபைக்குச் செய்துகொடுத்த வெள்ளி மைத்தட்டு அவ்வகைக்குச் சிறந்த உதாரணம். தட்டின்மீது மைக்கலம், ஈரமை உலரத் தூவும் பொடிக்கலம், இறகு செருகும் கலம் என மூன்றே. விலங்குமில்லை, வேடிக்கையுமில்லை. 1776 இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்திலும், 1787 இல் அந்நாட்டு அரசியலமைப்பிலும் ஒப்பமிட்டோர் கோல் தோய்த்தது இதிலேயே. பிலதெல்பியா நகரிலே அது இன்றும் காட்சியிலுள்ளது.

நிலைமையை மாற்றியவை சில. பேர்மிங்காம் நகரிலே யோசேப்பு கில்லொட், யோசியா மேசன் முதலியோர் 1820களிலும் 1830களிலும் உருக்கு முனைகளை இயந்திரத்தால் அச்சடித்துக் கணக்கின்றிச் செய்யத் தொடங்கினர். இறகைச் சீவத் தெரியாதவனும் எழுத முடிந்தது. 1840 ஆம் ஆண்டு சனவரி 10 ஆந் தேதி முதல் பிரித்தானியாவில் எங்கிருந்து எங்காயினும் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பலாமென்ற ஏற்பாடு வந்தது. பள்ளிகள் பெருகின, வணிகம் பெருகிற்று, எழுதுவோர் தொகையும் பெருகிற்று. நடுத்தரக் குடும்பத்து இல்லத்தரசிக்கும் தனக்கென ஒரு மேசை வேண்டியிருந்தது. அம்மேசைக்கு அழகிய பொருள் ஒன்றும் வேண்டியிருந்தது. பீங்கான் சூளைகளும் வார்ப்புச்சாலைகளும் அவ்விருப்பத்தை நிறைவேற்றப் போட்டியிட்டன. பிறந்தநாட் பரிசு, கடற்கரை நகரில் வாங்கிய நினைவுப்பொருள், கண்காட்சியிற் கண்ட புதுமை எனப் பல காரணம் பற்றி மைக்கூடுகள் வீட்டினுள் நுழைந்தன. இவற்றுட் சில ஒரு துளி மையையும் கண்டறியாதன என்பதை அவற்றின் உட்கிண்ணமே காட்டிக்கொடுக்கும்.

விலங்குருவங்களிலே பெயர் பெற்றவை இரண்டு. ஒன்று ‘கருங்காட்டுச் சிற்பம்’ என்று சந்தையிற் பெயர் பெற்ற மரவேலை. செருமனியின் கருங்காட்டிலே செய்யப்பட்டவையென நெடுங்காலம் நம்பப்பட்ட இக்கரடிகளும் ஆந்தைகளும் நாய்த்தலைகளும் உண்மையிலே பெரும்பாலும் சுவிற்சர்லாந்தின் பிரீன்சு என்னும் ஏரிக்கரை ஊரைச் சேர்ந்தன. கண்ணாடிக் கண் பதித்த ஆந்தையின் தலையைப் பின்னே சாய்த்தால் கழுத்தினுள்ளே மைக்கிண்ணம் தோன்றும். மற்றையது வியன்னா வெண்கலம். இதிலே உலோகத்தின்மீது பல படையாக வர்ணம் தீட்டுவர். ஆனால் சூளையிலிட்டுச் சுடுவதில்லை. சுடாத வர்ணமாதலால் பறவையின் இறகும் நாயின் மயிரும் உயிருள்ளன போலத் தோன்றும். அதே காரணத்தால் எளிதிலே தேய்ந்தும் போகும். அந்நகரத்துப் பேர்க்குமான் தொழிற்சாலையார் இருகைப்பிடிச் சாடிக்குள் தம் முதலெழுத்தை அமைத்த முத்திரையை இட்டனர். அம்முத்திரையைப் பொய்யாக இட்ட பிற்காலப் பொருள்களும் மலிந்துள்ளமையின், முத்திரை மாத்திரம் சான்றாகாது.

அக்காலத்து மூடநம்பிக்கையும் மைக்கூடாக உருப்பெற்றது. மண்டையின் மேடு பள்ளங்களைத் தடவி ஒருவனுடைய குணத்தைக் கூறலாமென்ற கொள்கை விக்ரோறியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் விஞ்ஞானமெனப் போற்றப்பட்டது. அன்பு, பேராசை, துணிவு முதலியன மண்டையின் எவ்வெப் பகுதியில் உறைகின்றனவென்று வரையறுத்து எழுதிய பீங்கான் தலைகள் மைக்கூடுகளாக விற்கப்பட்டன. கொள்கை பொய்த்துவிட்டது. பீங்கான் தலையோ விலை ஏறிக்கொண்டே இருக்கின்றது.

மெய்யான பிராணியின் உறுப்பே மைக்கூடானதும் உண்டு. வெலிங்டன் கோமகன் 1815 ஆம் ஆண்டு சூன் 18 ஆந் தேதி வாட்டர்லூப் போர்க்களத்தில் ஏறியிருந்த குதிரையின் பெயர் கோப்பன்கேகன். போரின் பின் இக்குதிரை அவருடைய பண்ணையிலே முதுமையெய்தி, 1836 இல் இறந்தது. படைமரியாதையுடன் அடக்கம் செய்தனர். அடக்கத்தின்போது குளம்புகளில் ஒன்று வெட்டி எடுக்கப்பட்டிருந்ததைக் கண்டு கோமகன் கடுஞ்சினங் கொண்டார் என்பர். எடுத்தவன் வேலைக்காரருள் ஒருவன். கோமகன் இறந்த பின்னரே அவன் தன் செயலை ஒத்துக்கொண்டு, இரண்டாவது கோமகனிடம் அக்குளம்பைச் சேர்ப்பித்தான். தந்தையார் சினந்த காரியத்தை மைந்தர் எவ்வாறு முடித்தார் எனின், குளம்பை மைக்கூடாகச் செய்வித்தார்! குதிரை மீது அன்பு கொண்டோர் அதன் குளம்பை வெள்ளிமூடி பூட்டி மேசையில் வைப்பது அந்நாளிலே இங்கிலாந்தில் அருவருப்புக்குரியதாகக் கருதப்படவில்லை. இன்று அப்பொருளைக் கையில் எடுப்போர்க்கு மனம் கூசுதல் இயல்பு. எனினும் அக்கூச்சத்தை வைத்து அன்றையோரின் அன்பைப் பொய்யென்று கூறிவிட முடியாது.

தனி ஒருவருடைய உள்ளத்தை வெளியிடும் மைக்கூடுகளிலே தலைசிறந்தது 1880 இல் வார்க்கப்பட்ட ஒரு வெண்கல உருவம். செய்தவர் பிரான்சின் புகழ்பெற்ற நாடக நடிகை சேரா பேர்ணார். நடிப்பில் மாத்திரமன்றிச் சிற்பத்திலும் அவர் பயிற்சியுடையவர். பெண்முகமும் விலங்குடலும் கொண்ட புராண உருவமாகிய சிபிங்சாகத் தம்மையே அவர் அமைத்துக்கொண்டார். முதுகில் வௌவாற் சிறகு, பின்னே மீன்வால், தோள்களில் அவல நாடகத்துக்கும் நகை நாடகத்துக்கும் உரிய இரு முகமூடிகள், முன்னங்கால் நகங்களுக்கிடையே மைக்கிண்ணம். பத்திரிகையாளர் அவரைப் பற்றி நாள்தோறும் எழுதிய காலம் அது. விலங்கென்றும் மாயக்காரியென்றும் அவரை வருணித்தோர் பலர். அவ்வருணனைகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, மை தோய்க்கும் கலமாகவே செய்துவிட்டதைப் போன்று இவ்வுருவம் விளங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இதன் வார்ப்பொன்றைக் காணலாம். மைக்கூட்டின் வடிவமும் பயனும் இத்துணைப் பொருத்தமாக ஒன்றிய வேறோர் உதாரணம் காட்டுதல் அரிது.

அமெரிக்கர் கண்ணாடியிலே கைவந்தவர். அந்நாட்டுச் சேகரிப்போர் விரும்பித் தேடும் ‘தேநீர்க்கெண்டி’ வகை, பட்டையிட்ட சிறு கண்ணாடி உடலும் அடிப்பக்கத்திலிருந்து சரிந்தெழும் மூக்கும் உடையது. கெண்டியைப் போல அதிலிருந்து வார்ப்பதில்லை. மூக்கின் வாயிலே கோலைத் தோய்ப்பர். நத்தை வகையோ இரும்புச் சட்டமொன்றிலே இருபுறமும் அச்சிட்டுத் தொங்கும் கண்ணாடிக் கூடு. எழுதும்போது வாய் முன்னே வரும். எழுதி முடிந்ததும் சுழற்றிவிட்டால் வாய் சட்டத்தின் மூடியோடு பொருந்தி அடைபடும். அரசியலும் மைக்கூட்டைத் தீண்டாமல் விடவில்லை. 1840 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலிலே வில்லியம் என்றி அரிசன் என்பாரை எதிர்க்கட்சியார், மரக்குடிலில் இருந்து புளித்த அப்பிள் மது அருந்தத் தக்கவரென்று இகழ்ந்தனர். அவரோ வசதியான மாளிகையில் வாழ்ந்தவர். எனினும் அவர் கட்சியார் அவ்விகழ்ச்சியையே கொடியாக ஏற்றினர். மரக்குடிலும் மதுப்பீப்பாயும் தேர்தற் சின்னங்களாயின. அவ்வடிவிலே கண்ணாடி மைப்புட்டிகளும் எழுந்தன. அரிசன் வென்றார், 1841 இற் பதவியேற்ற ஒரு மாதத்தில் இறந்தும் போனார். அவருடைய ஆட்சியினும் மைப்புட்டிகள் நெடுநாள் நிலைத்தன. பிற்காலத்திலே பொஸ்ரன் நகரத்துக் காற்றர் மைக் கம்பனியார், 1914 ஆம் ஆண்டுக் காப்புரிமைக் குறியுடன், கணவன் மனைவியாகிய இரு பீங்கான் பாவைகளை விளம்பரத்துக்காகச் செருமனியிற் செய்வித்தனர். இன்று பாவைகள் இரண்டும் சேர்ந்து கிடைத்தாலன்றிச் சேகரிப்போர் மனம் நிறைவதில்லை.

வடிவ விந்தையோடு பொறி விந்தையும் உண்டு. இங்கே புறத்தோற்றம் எளிது; உள்ளமைப்பே வியப்பு. கவிழ்ந்தாலும் சிந்தாத கண்ணாடிக் கூட்டினுள்ளே புனல் ஒன்று கீழ்நோக்கி அமைந்திருக்கும். கூடு சாயும்பொழுது மை, புனலுக்கும் புறச்சுவருக்கும் இடையிலுள்ள வெளியிலே போய் ஒதுங்கும். உரோமர் மட்கலத்திற் செய்த உபாயமே இது. பிரான்சியப் பீங்கான் மைக்கூடொன்றிலே மேலேயுள்ள குமிழைத் திருகினால் உள்ளே முசலம் இறங்கி மையை அமுக்க, பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்தில் மை எழும். எழுதி முடிந்ததும் எதிர்ப்புறம் திருகினால் மை உள்ளே திரும்பும். காற்றுப் படுவது அச்சிறு கிண்ணத்தளவே. இலண்டன் தெ லா றூ கம்பனியாரின் ‘ஐசொபாத்து’ மைக்கூட்டிலே அரைவட்ட மிதவை ஒன்று, மை குறையக் குறையத் தானே தாழ்ந்து, தோய்க்குங் கிண்ணத்தில் மையின் ஆழம் மாறாமற் காக்கும். கோலின் முனை வேண்டிய அளவு மாத்திரமே நனையும். பயணிகளுக்கென அமைந்தவை தோல் போர்த்த சிறு பெட்டிகள். இரட்டை மூடியும் வில்லும் உடையவை. யப்பானியர் இடைக்கச்சையிற் செருகிச் சென்ற யத்தத்தே என்னும் தூரிகைக்கூடு, ஒரு முனையிலே மை ஊறிய பஞ்சுக்கிண்ணமும் தண்டிலே தூரிகையும் கொண்டது. முதற் பார்வையில் அதனைப் புகைக்குழாயென்றே எண்ணத் தோன்றும்.

இவ்வளவிலே ஒரு செய்தியைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. விந்தை மைக்கூடுகளிலே மனித உருவங்களும் பல. அவற்றுட் பெரும்பகுதி பிற இனத்தாரை வேடிக்கைப் பொருளாக்குவன. தலைப்பாகையணிந்த அராபிய வணிகன், ஒட்டகத்தின் பக்கத்திற் குந்தியிருக்கும் சிறுவன், தடித்த உதடும் உருண்ட கண்ணுமாகத் திரித்துச் செய்யப்பட்ட ஆபிரிக்கத் தலை ஆகியன ஐரோப்பிய மேசைகளில் மூடியாகவும் தாங்கியாகவும் அமைந்தன. தலையைத் திறந்து அதனுள்ளே கோலைத் தோய்த்து, அவ்வினத்தாரை ஆள்வதற்கான கட்டளைகளை எழுதினோரும் இருந்திருப்பர். செய்தோர் இதனை நகைச்சுவையென்றே கருதினர். அதுவே இதன் கொடுமை. சேகரிப்போருள் ஒருசாரார் இவற்றை வேலைப்பாட்டுக்காகப் புகழ்வர்; மற்றொருசாரார் கண்ணிற் படாது ஒதுக்குவர். இரண்டும் போதா. ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே பெரிசு அரச பல்கலைக்கழகம் கறுப்பினத்தாரை இழித்துக் காட்டும் வீட்டுப் பொருள்களைத் திரட்டி, அவை எவ்வாறு மனத்திலே வெறுப்பை வளர்த்தன என்று மாணவர்க்குக் கற்பிக்க நூதனசாலையொன்று நடத்துகின்றது. பொருளை அழியாது வைத்து, அதன் பொருளையும் மறையாது கூறும் அம்முறையே தக்கது.

கீழைநாட்டார் காட்சிப்பொருளாக மாத்திரமன்றிக் கைவினைஞராகவும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றனர். விசாகப்பட்டினத்துத் தச்சர் தந்தம் இழைத்துச் செய்த மைத்தட்டுகளும், காசுமீரத்துக் கடதாசிக்கூழ் மைத்தட்டுகளும் ஆங்கிலேயரால் விரும்பி வாங்கப்பட்டன. இலங்கையிலே காலிப் பகுதியார் கருங்காலி மரத்தையும் முள்ளம்பன்றி முள்ளையும் இணைத்துச் செய்த பெட்டிகளும் எழுதுமேசைப் பொருள்களும் கப்பலேறின. வரிவரியான முட்களை அடுக்கி, இடையிடையே தந்தப் புள்ளி பதித்த அவ்வேலைப்பாடு பிறநாட்டு ஏலச்சாலைகளில் ‘சிலோன் வேலை’ என்றே அறியப்படுகின்றது. செய்தவர் பெயர் பெரும்பாலும் எவர்க்கும் தெரியாது.

இனி, பழமையை அறியுமாறு. சந்தையிலே போலிகள் மலிந்துள்ளன. அவற்றிலும் வார்ப்பிரும்பாலும் பித்தளையாலும் ஆனவை மிகுதி. கற்றுக்குட்டி உருவத்தின் முகத்தைப் பார்ப்பான். தேர்ந்தவன் கவிழ்த்து அடியைப் பார்ப்பான். பிரித்தானியப் பொருளாயின் சாய்சதுர வடிவான பதிவுக் குறி உண்டா என நோக்கல் வேண்டும். 1842 முதல் 1883 வரை வடிவுரிமை பெற்ற பொருள்களில் இக்குறி இடப்பட்டது. மூலைகளிலுள்ள எழுத்தும் எண்ணும் பதிவு நாளையே தெரிவிக்கும். 1884 முதல் தொடர் எண் மாத்திரமே. செய்த நாட்டின் பெயர் ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டிருக்குமாயின் அப்பொருள் பெரும்பாலும் 1891 க்குப் பிற்பட்டது. அமெரிக்காவுக்குள் வரும் பண்டங்கள் நாட்டின் பெயரைத் தாங்குதல் வேண்டுமென்ற சட்டம் அவ்வாண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது. கண்ணாடிக் கூட்டின் அடியிலே கரடுமுரடான வடு இருப்பின், ஊதுபவன் அதனை இரும்புத் தண்டிலிருந்து முறித்தெடுத்தான் என்பது தெளிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்ட புட்டிகளில் இது பொதுவாகக் காணப்படும். அச்சுப்பொருத்தின் கோடு வாயின் விளிம்பையுங் கடந்து சென்றால் அப்புட்டி இருபதாம் நூற்றாண்டின் தானியங்கி இயந்திரத்திற் பிறந்தது. கீலைப் பூட்டிய திருகாணியின் தலையிலே சிலுவைக் காடி இருக்குமாயின் மேலும் ஆராய வேண்டியதில்லை. அத்திருகாணி 1930களில் வழக்குக்கு வந்தது. கீல் பழுதுபார்க்கப்பட்டதாகவும் இருக்கலாம் என்று விற்பவன் கூறுவான். கூறட்டும்.

பின்னர் உள்ளே பார்த்தல் வேண்டும். உட்கிண்ணம் அவ்விடத்துக்கே செய்யப்பட்டதா, பிறிதொன்றிலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்டதா என்பதை அது ஆடுவதும் மூடியை முட்டுவதுங் கொண்டு அறியலாம். உட்கிண்ணத்துக்கு இடமே இல்லாத உருவம் தீக்குச்சிக் கலமாக இருக்கலாம். மிகப் பெரிதாயின் புகையிலைச் சாடியாக இருக்கலாம். நாய்த்தலையும் ஆந்தையும் இம்மூன்றுக்கும் பொது வடிவங்கள். மைக்கூட்டுக்கு விலை அதிகமாதலால் சாடிகளிற் கிண்ணமிட்டு விற்போரும் உளர். மூடி ஒன்றினதாகவும் உடல் மற்றொன்றினதாகவும் ‘மணஞ்செய்து’ வைக்கப்பட்டவையும் பல. மூடி உடைதலும் தொலைதலும் இயல்பாகையால் இது வியப்பன்று. தந்தம் கலந்த பொருளாயின் பல நாடுகளில் வாங்கவும் விற்கவும் கடுஞ்சட்டங்கள் உண்டு. பிரித்தானியாவில் 2018 ஆம் ஆண்டுச் சட்டம் 2022 இல் நடைமுறைக்கு வந்தது.

போலியால் வரும் நட்டம் பணத்தோடு போகும். துப்புரவால் வரும் நட்டமோ பொருளோடு போவது. பளபளப்பை விரும்பி வியன்னா வெண்கலத்தைத் துலக்கினால் சுடாத வர்ணம் முழுதும் துணியோடு வந்துவிடும். எஞ்சுவது பித்தளை நாய். மரக்கரடியை நீரில் அமிழ்த்தினால் பொருத்துகள் விடும். வெள்ளித் தட்டை ஓயாது மெருகிடுவோர் செதுக்கிய எழுத்துகளையே தேய்த்துவிடுவர். உட்கிண்ணத்தின் அடியில் உறைந்த மையைப் பற்றிச் சேகரிப்போரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அழுக்கென்று கழுவுவோர் ஒருசாரார்; சான்றென்று காப்போர் ஒருசாரார். உலோகத்தின்மீது நேரே படிந்த மை ஈரம் படுந்தோறும் அரித்துக்கொண்டே இருக்குமாதலால் அதனை நீக்குதல் வேண்டும். கண்ணாடியிலும் மெருகிட்ட பீங்கானிலும் படிந்ததை விட்டுவைப்பதே மேல். அக்கருமை போய்விட்டால், எழுதிய மைக்கூட்டுக்கும் அலமாரியிலே இருந்த மைக்கூட்டுக்கும் வேறுபாடு காட்ட ஒன்றுமில்லை.

மைக்கூட்டின் வழக்கொழிவு சடுதியில் நேர்ந்ததன்று. 1884 இலே உலூயி உவாட்டர்மன் காப்புரிமை பெற்ற ஊற்றுப்பேனை மையைத் தன்னுள்ளேயே கொண்டு திரிந்தது. 1945 ஆம் ஆண்டு ஒற்றோபரில் நியூயோர்க்கு நகரத்துக் கடையொன்றிலே குமிழ்முனைப் பேனை விற்பனைக்கு வந்தபோது மக்கள் திரண்டனர். அதன் பின்னரும் பள்ளி மேசைகளின் துளைகளிலே வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் சில காலம் இருந்தன. பயன் நீங்கிய பின்னரே ஆராய்ச்சி தொடங்கிற்று. வில்லியம் கோவில் என்பார் அமெரிக்க மைப்புட்டிகளையும் மைக்கூடுகளையும் வகைப்படுத்தி 1971 இல் வெளியிட்ட நூலின் வரிசை எண்களையே விற்போரும் வாங்குவோரும் இன்றும் மேற்கோளாகக் கூறுகின்றனர்.

அவ்வாறு எண்ணிட்டு, அடிக்குறி நோக்கி, கீலைச் சோதித்து, விலை பேசி முடித்த பின்னரும் சேகரிப்போர் செய்யும் செயல் ஒன்றுண்டு. ஆந்தையின் தலையை மீண்டும் ஒருமுறை திறந்து, கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே சாய்ப்பர். அடியிலே வட்டமாகக் கருமை படிந்திருக்கும். அதன்மேலே, மை வற்ற வற்ற மட்டம் இறங்கிய வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். விளிம்பின் ஒருபக்கத்திலே மாத்திரம் கறை தடித்திருக்கும். கோலின் முனையிலே மிகுந்த மையை யாரோ ஒருவர் அவ்விடத்திலேயே நாள்தோறும் வடித்திருக்கின்றார். கறை வலப்பக்கத்திலிருந்தால் அவர் வலக்கைப் பழக்கமுடையவராயிருந்திருப்பார்.